படகுக் கூரையில் மோர் மிளகாய்

படகின் கூரையில் மோர் மிளகாய் காயப்போட்டது என்னுடைய பிழைதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை இவர் சொல்லத் தொடங்கினால் மிளகாயில்தான் தொடங்குவார்; அதற்குப் பிறகு எனக்கு வாய் திறக்க இடம் கிடைக்காது.

ஆனால் நீங்களே சொல்லுங்கள். லண்டனில், சித்திரை மாதத்தில், நாலு நாள் தொடர்ந்து வெயில் எறிக்கும் என்று வானிலைச் செய்தியில் சொல்கிறார்கள். ஐம்பத்தேழு அடி நீளத்தில் ஒரு இரும்புக் கூரை, மரமோ மதிலோ மறைக்காமல், கண்முன்னே சூடேறிக் கிடக்கிறது. வால்தம்ஸ்டோவில் என் வீட்டுப் பின்வளவில் பக்கத்து வீட்டு மரத்தின் நிழல்தான் குடியிருக்கும். இத்தனை வருடத்தில் அங்கே மிளகாய் ஒருதரம்கூட ஒழுங்காகக் காய்ந்ததில்லை. பாதி பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போகும். இரும்புக் கூரை என்று கேள்விப்பட்டதுமே எனக்குக் கை பரபரத்தது. இரண்டு கிலோ பச்சை மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, வாளியோடு படகில் ஏறிவிட்டேன். தேனிலவுக்கு மிளகாய் வாளியோடு போன பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆம், தேனிலவுதான். எனக்கு ஐம்பத்தாறு வயது, இவருக்கு ஐம்பத்தொன்பது. முந்தின வெள்ளிக்கிழமை கவுன்சில் அலுவலகத்தில் பதிவு செய்தோம். என் முதல் கணவர் இறந்து ஒன்பது வருடம். இவரை முதல் மனைவி பிரிந்து பன்னிரண்டு வருடம். அந்த அம்மா ஜேர்மனியிலேயே இருக்கிறார். இவரும் அங்கே நெடுங்காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். தொழில் கரண்ட் வேலை. லீ ஆற்றில் படகுகளிலேயே குடியிருக்கிற வெள்ளைக்காரர்களுக்குச் சோலார் தகடும் பற்றரியும் பூட்டிக் கொடுப்பார்.

நான் வேலை செய்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் ஒருநாள் கரண்ட் நின்றுபோக, அதைத் திருத்த வந்தார். முதல் தரம் உண்மையான பழுது. இரண்டாம் தரமும் உண்மை. மூன்றாம் தரம், பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்த பிறகு, சுவிட்சை இறக்கிவிட்டது நான். இதை இவரிடம் போன மாதம்தான் சொன்னேன். தனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். தெரிந்துகொண்டே ஒரு மணித்தியாலம் வயர்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், கள்ளன்.

படகை நாலு நாளைக்குத் தந்தது இவரிடம் வேலை செய்வித்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அவர்கள்தான். எங்கள் ஆட்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என் மகளுக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு ஒரே மகள். குட்மேய்ஸில் கணவனோடும் மாமியாரோடும் இருக்கிறாள். தகப்பன் செல்லம். இன்றைக்கும் தகப்பனின் படத்துக்குப் பூ வைக்காமல் வேலைக்குப் போகமாட்டாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஆறு மாதம் யோசித்தேன். கேட்டால் வேண்டாம் என்பாள். அவள் வேண்டாம் என்றால் எனக்கு மறுத்துச் சொல்லத் தெரியாது. ஆகவே, வேண்டாம் என்று சொல்லமுடியாத இடத்தில் போய் நின்றுகொண்டு, பிறகு சொல்லலாம் என்று தீர்மானித்தேன். அது கோழைத்தனம் என்று இப்போது தெரிகிறது. அப்போது கெட்டித்தனமாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குட்மேய்ஸுக்குப் போய், அவளுக்கு முன்னால் இருந்து, என் வாயால் சொல்வதாகத் திட்டம். அவள் இதை என்னிடமிருந்துதான் கேட்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வேறு யாராவது சொல்லிக் கேட்டால் என்னை மன்னிக்கமாட்டாள் என்று நினைத்தேன். அதுவரைக்கும், லூயிஷாமில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கிக் கோயிலுக்குப் போகப்போவதாக ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

தேனிலவுக்குக் கால்வாயைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். எங்கள் சனம் போகும் இடங்கள் எனக்குத் தெரியும்: கோயில், கலியாண மண்டபம், மரக்கறிக் கடை, ஆள்மாறி ஆள் வீட்டுப் பிறந்தநாள். தண்ணீர்ப் பக்கம் தலைகாட்டமாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கமுடியாது என்பார்கள். நான் அதை ஐம்பத்தேழு அடிப் படகில் மறைக்கப் பார்த்தேன்.

முதல் இரண்டு நாளும் என் கால் தரையில் படவில்லை. படகில் போனால் எப்படியும் படாதுதான், ஆனாலும் சொல்கிறேன். மணிக்கு மூன்று மைல். கரையோரம் கட்டிக் கிடக்கும் படகுகளைக் கடக்கும்போது அதுவும் இல்லை. அலை எழும்பி உள்ளே இருப்பவர்களின் தேத்தண்ணி சிந்தினால் ஜன்னலால் தலையை நீட்டித் திட்டுவார்கள். ஒரு தாய் வாத்து ஆறு குஞ்சுகளோடு எங்களை முந்திப் போனது. போய், திரும்பியும் பார்த்தது. முப்பது வருடம் பஸ்ஸுக்கும் ஷிப்டுக்கும் ஓடின கால் இது. இவ்வளவு மெதுவாகப் போவதற்கு ஒருவரும் நம்மைத் தண்டிக்கமாட்டார்கள் என்பதை நம்பவே எனக்கு அரை நாள் பிடித்தது.

படகைத் திருப்புவதற்குப் பின்பக்கத்தில் ஒரு நீளக் கைபிடி இருக்கிறது. அதை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். இது விளங்குவதற்குள் நான் மூன்று தரம் கரைப் பற்றைக்குள் படகை ஓட்டிவிட்டேன். மூன்று தரமும் மரம் குலுங்கி வெள்ளைப் பூ தலையெல்லாம் கொட்டியது. நான் தட்டிவிடப் போனேன்.

“விடுங்கோ,” என்றார் இவர். “பூ வைச்ச மாதிரி வடிவா இருக்கு.”

ஒன்பது வருடம் பூ வைக்காத தலை. விட்டுவிட்டேன். பிறகு வெட்கம் தாங்காமல் நாலாம் தரமும் பற்றைக்குள் விட்டேன். அது தற்செயல் என்று இவர் இன்றைக்கும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் காலை ஹக்னியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். கூரையில் விரித்த வெள்ளை வேட்டியில், சோலார் தகட்டுக்கும் பூந்தொட்டிக்கும் நடுவில் மிளகாய் நன்றாகச் சுருண்டு வந்திருந்தது. இவர் ஏதோ சொன்னார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கரைப் பாதையில் ஒரு பெண்மணி, வெள்ளைச் சப்பாத்தும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கையை வீசி வீசி நடந்து வந்தார். எங்களைக் கடந்தார். பத்தடி போய் நின்றார். திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார்.

“உது மோர் மிளகாயெல்லோ?”

யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே தமிழில் கேட்டார். பிறகுதான் கண்ணாடியைக் கழற்றி மிளகாய்க்குச் சொந்தக்காரியைப் பார்த்தார். அப்போதுதான் நானும் அவரை அடையாளம் கண்டேன். அவர் என் மகளுடைய மாமியாரின் தங்கை. மகள் அவரைச் சின்ன மாமி என்பாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

“ஐயோ, அக்கா! நீங்களோ? இஞ்ச என்ன செய்யிறியள்?”

படகில் இருப்பவரால் ஓடித் தப்பமுடியாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பஸ் என்றால் அடுத்த தரிப்பில் இறங்கலாம். ரயில் என்றால் கதவு மூடிவிடும். இங்கே நடுவில் ஐந்தடி தண்ணீர். அந்தப் பக்கத்தில் சின்ன மாமி எங்களோடு ஒட்டி நடந்து வருகிறார். வேகத்தைக் கூட்டச் சொல்லி இவருக்குக் கண் காட்டினேன். கூட்டினார். சின்ன மாமி கையைக் கொஞ்சம் அதிகமாக வீசினார், அவ்வளவுதான்.

“எனக்குச் சுகரெல்லோ, டொக்டர் நடக்கச் சொன்னவர். மகன்ரை வீடு இதிலைதான். நீங்கள் லூயிஷாமிலை நிக்கிறியள் எண்டு உங்கட பிள்ளை சொன்னவ?”

“நிண்டனான்... வந்திட்டன்.”

“படகிலையோ?”

நல்லவேளையாக அவருக்கு மிளகாய் ஞாபகம் வந்தது. மோரிலையோ, தயிரிலையோ? வெந்தயம் போட்டனியளோ? காம்பை ஏன் இவ்வளவு கட்டையாக வெட்டினனியள்? ஒரு மைல் தூரம் மிளகாய் விசாரணை நடந்தது. இவரைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேள்வி வராமல் இருக்கிறது என்றால் எங்கேயோ கூர் தீட்டப்படுகிறது என்று அர்த்தம்.

அப்படியே லொக் வந்து சேர்ந்தது. கால்வாய் மேடேற வேண்டிய இடங்களில் முன்னும் பின்னும் கதவு போட்ட பெரிய கல்தொட்டி ஒன்று இருக்கும், அதுதான் லொக். படகைத் தொட்டிக்குள் விட்டு, பின்கதவை மூடி, முன்பக்கத்தால் தண்ணீரைத் திறந்துவிட்டால் தொட்டி நிரம்பப் படகும் மேலே ஏறும். ஒருவர் கரையில் நின்று வேலை பார்க்க, மற்றவர் படகில் நிற்கவேண்டும். இவர் கரையில் இறங்கினார். நான் படகோடு ஆழத்துக்குள் போய் நின்றேன். சுற்றிவரப் பாசி பிடித்த சுவர். அப்பாடா, ஒளிந்துவிட்டேன் என்று நினைத்தேன். மேலே சின்ன மாமி, கேட்காமலே, கதவு மரத்தில் முதுகைக் கொடுத்துத் தள்ளி இவருக்கு உதவி செய்துகொண்டிருந்தார்.

தண்ணீர் வந்தது. படகு ஏறியது. ஒளிந்து நின்ற என் முகம் அங்குலம் அங்குலமாக உயர்ந்து, முதலில் சின்ன மாமியின் சப்பாத்துக்கு நேராக, பிறகு முழங்காலுக்கு நேராக, கடைசியில் முகத்துக்கு நேராகவே வந்து நின்றது. ஒளிவதற்கு லொக்கைப் போலக் கெட்ட இடம் உலகத்தில் வேறு இல்லை.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். அன்று காலை, ஒன்பது வருடத்துக்குப் பிறகு, குங்குமம் வைத்திருந்தேன். ஆசையில் கொஞ்சம் பெரிதாகவே வைத்துவிட்டேன்.

“உவர் ஆர், அக்கா?”

இவர் நாலடி தள்ளிக் கதவு மரத்தில் சாய்ந்து நின்றார். இவருக்குக் கேட்கிறது என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கவுன்சில் அலுவலகத்தில், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு முன்னால், இவர் என் கணவர் என்று ஆங்கிலத்தில் கணீரென்று சொன்னவள் நான்.

“கரண்ட் வேலை செய்யிற அண்ணை,” என்றேன். “படகிலை லைற் பூட்ட வந்தவர்.”

பள்ளிக்கூடத்தில் முதன்முதலில் இவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். வேலைக்கு வருபவரை வேறு எப்படிக் கூப்பிடுவோம்? அந்தப் பழக்கத்தை விட எனக்கு நாலு மாதம் பிடித்தது. பயம் வந்ததும் அது தானாகத் திரும்பி வந்துவிட்டது. இவர் சின்ன மாமிக்குத் தலையாட்டிவிட்டு, உண்மையாகவே வேலைக்கு வந்தவர் போலக் கதவைத் திறக்கப் போனார். என்னை நானே அறைந்துகொள்ளவேண்டும் போல இருந்தது.

“குங்குமம் வடிவா இருக்கு,” என்றார் சின்ன மாமி.

லொக்கைத் தாண்டினால் கொஞ்சத் தூரத்தில் ஒரு சுரங்கம். இஸ்லிங்டன் தெருக்களுக்கு அடியால் கால்வாய் மலைக்குள் நுழைவது போல நுழைகிறது. உள்ளே நடைபாதை கிடையாது. நடப்பவர்கள் மேலே தெருவுக்கு ஏறி, சுற்றிப் போய், மறுபக்கம் இறங்கவேண்டும். அந்தக் கறுத்த வாயைக் கண்டதும் எனக்குக் கோயில் கோபுரத்தைக் கண்ட சந்தோஷம்.

“பாதை முடியுது!” என்று கரைக்குக் கத்தினேன். “நாங்கள் போட்டு வாறம்!”

“நான் மேலாலை வாறன்!” என்றார் சின்ன மாமி.

இவர் முன் விளக்கைப் போட்டு, ஹோர்னை ஒருதரம் அடித்தார். நாங்கள் இருட்டுக்குள் போனோம். நான் கை தட்டினேன். சுரங்கம் முழுக்கக் கை தட்டியது. தப்பிவிட்டோம், தப்பிவிட்டோம் என்று பதினாறு வயதுப் பெட்டை மாதிரிக் குதித்தேன். திரும்பிப் பார்த்தபோது, பின்னால் வெளிச்ச வட்டத்துக்குள் சின்ன மாமி படியேறிக்கொண்டிருந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார். மற்றக் கையில் ஃபோன்.

என் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. தலைக்கு மேலே அத்தனை மண்ணும் கல்லும் வீடும் இருக்க, எங்கிருந்து வரும்? மேலே தெருவில் நடக்கிற சின்ன மாமிக்கு மட்டும் முழுச் சிக்னல். சுரங்கத்தைக் கடக்க இருபது நிமிடம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது என்று சும்மாவா சொன்னார்கள்? இருபது நிமிடத்தில் சேதி குட்மேய்ஸுக்கு மட்டுமா போகும், ரொறொன்ரோ போய்த் திரும்பியும் வந்துவிடும்.

“வேகமா விடுங்கோ!”

“இதுதான் வேகம்.”

“அப்ப திருப்புங்கோ!”

“ஐம்பத்தேழடிப் படகை இதுக்குள்ளை என்னண்டு திருப்பிறது?” என்றார். பிறகு, முகம் தெரியாத இருட்டில், மெல்லக் கேட்டார்: “லைற் எல்லாம் பூட்டியாச்சு. நான் இனி வீட்டை போகட்டோ?”

இவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் குரலில் பகிடி பாதிதான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சுரங்கக் கூரையிலிருந்து குளிர்ந்த துளிகள் கழுத்தில் விழுந்தன. இந்த மனுசனை வைத்துக்கொண்டு ஊருக்குப் பயந்து ஓடுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. கையைத் தேடிப் பிடித்தேன். மன்னியுங்கோ என்றேன். இவர் கையை விடவில்லை.

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? தூரத்தில் பொட்டுப் போலத் தெரிந்த மறுபக்க வெளிச்சத்தையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் வளர்கிற வேகத்தில் பிள்ளை வளர்த்துவிடலாம் என்று சொன்னேன். இவர் சிரித்தார். அழுதுகொண்டே நானும் சிரித்தேன். சுரங்கமும் சேர்ந்து சிரித்தது.

வெளியே வந்தபோது வெயில் கண்ணை அடித்தது. பாதை மறுபடி தொடங்கும் இடத்தில், மூச்சிரைக்க, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சின்ன மாமி நின்றார். சைக்கிள்காரர், நாய் பிடித்தவர், வெயிலில் குந்தியிருந்து சான்ட்விச் சாப்பிடுபவர் என்று பாதை நிறையச் சனம். எனக்கு ஒருவரும் கண்ணில் படவில்லை.

“இவர் என்ரை மனுசன்!” என்று கத்தினேன்.

“தெரியும் அக்கா!” என்று அவர் திருப்பிக் கத்தினார். “முதல் ஃபோனை எடுங்கோ! பிள்ளை அழுகிறா!”

மகள் ஏழு தரம் ஃபோன் எடுத்திருந்தாள். நான் திருப்பி எடுத்தபோது, ஒரு மணி முழுதாக அடிக்கும் முன்பே பதில் சொன்னாள்.

“பிள்ளை, நான் கலியாணம் செய்திட்டன்,” என்றேன். பிந்திவிட்டது, ஆனாலும் என் வாயால் சொன்னேன்.

“சின்ன மாமி சொன்னவ,” என்றாள். “உங்கட அம்மா ஒராளோட படகிலை போறா, குங்குமம் வைச்சிருக்கிறா, கரைக்குக் கேக்கச் சிரிக்கிறா எண்டு. அது என்ரை அம்மாவா இருக்காது எண்டு சொன்னனான். என்ரை அம்மா அப்பிடிச் சிரிக்கமாட்டா எண்டு சண்டை பிடிச்சனான்.” குரல் உடைந்தது. “ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை? நான் வேண்டாம் எண்டோ சொல்லியிருப்பன்?”

“சொல்லியிருப்பாய் எண்டுதான் பயந்தனான்.”

மூக்கை உறிஞ்சினாள்.

“சொல்லியிருப்பன்தான்,” என்றாள். “ரெண்டு நாளைக்கு. மூண்டாம் நாள் வந்து உங்களுக்குப் பக்கத்திலை நிண்டிருப்பன்.”

அந்த இரண்டு நாளைத் தாங்கப் பயந்து அவளுடைய மூன்றாம் நாளையும் பறித்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது.

“எனக்கு இப்ப உங்களோட கதைக்க ஏலாது. சரியான கோவம். அவர் பக்கத்திலை நிக்கிறாரோ? குடுங்கோ.”

இவர் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு ஃபோனை வாங்கினார். நேராக நிமிர்ந்து நின்றார். “ஓம்... ஓம், பிள்ளை... இல்லை, போடேல்லை... பிழைதான்... ஓம், இப்பவே.” அவ்வளவுதான். மகள் வைத்துவிட்டாள்.

“என்னவாம்?”

இவர் எஞ்சினை நிறுத்தினார். படகு கால்வாய்க்குக் குறுக்காக மெல்லத் திரும்பத் தொடங்கியது. பின்னால் வந்த படகுக்காரர் ஹோர்ன் அடித்தார். இவர் உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் கிடந்த தோடம்பழ நிற மிதவைச் சட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். அதை என் தலையால் போட்டு, வார்களைத் தேடித் தேடிப் பூட்டினார்.

“அம்மாவுக்கு நீந்தத் தெரியாது, மூண்டு நாளா இது போடாமல் தண்ணியிலை நிக்க விட்டிருக்கிறியளோ, உங்களுக்கு அறிவில்லையோ எண்டு நல்ல பேச்சு,” என்றார். அப்படிப் பேச்சு வாங்கிய ஒருவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசி வாரை மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்கினார். நான் தளர்த்தச் சொல்லவில்லை.